தாடைக்குக் கம்பி, மூக்குக்கு மருந்து

மார்ச் 4

மைத்துனர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுங்கள். கிழிப்பதும் உடைப்பதும் உங்களுக்குக் கைவந்த கலை என்று எனக்குத் தெரியும். என் தாடைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

என்னால் பேச முடியாது. மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பேச முடிந்தாலும் உங்களோடு பேசக் கூடாது. ஸ்டேஷனில் நாம் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நினைவிருக்கும்: போன் செய்யக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது, ஒருவர் இருக்கும் இடத்துக்கு இன்னொருவர் வரக் கூடாது. நேற்று இன்ஸ்பெக்டரிடம் போய் ஒரு தாளில் எழுதிக் காட்டிக் கேட்டேன். "லெட்டர் போடக் கூடாதுன்னு யாரும் எழுதலையே. இந்தக் காலத்துல லெட்டர் போடுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்லைய்யா" என்று சிரித்தார். அதனால் எழுதுகிறேன். வேறு ஆசை ஒன்றும் இல்லை.

விஷயம் உங்கள் தங்கை. அவளுக்கு வந்திருப்பது டிப்ரெஷன் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. அளவைக் கூட்டினார், கேட்கவில்லை. வேறு மாத்திரைக்கு மாற்றி மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார், அதற்கும் அவள் அசையவில்லை. மாத்திரைக்கு மசியாத நோய் என்று இப்போது சொல்கிறார். இந்த மாதிரி ஆட்களுக்கு மூக்கில் அடிக்கும் ஒரு ஸ்பிரே இருக்கிறதாம். சிலருக்கு வேலை செய்யுமாம். ஆனால் எங்கள் ஊரில் கிடையாது, உங்கள் நகரத்தில்தான் கிளினிக்குகள் இருக்கின்றன. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை போக வேண்டும். பஸ்ஸில் அரை நாள் வந்து, மருந்து எடுத்து, அன்றே திரும்பினால் அவள் உடம்பு தாங்காது.

இன்டர்நெட்டில் தேடி எடுத்த இடங்களின் விலாசங்களைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். போனில் கேட்கலாம் என்றால் வாயைத் திறக்க வழியில்லை. உங்கள் தங்கையைக் கேட்கச் சொன்னால் போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்க்கிறாள். நேரில் போய்ப் பார்க்க அங்கே எனக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. போகும் இடத்தில் இதை மட்டும் கேளுங்கள். டாக்டரும் நர்சும் கூடவே இருந்து, அங்கேயே உட்கார வைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, இரண்டு மணி நேரம் கவனித்துத்தான் அனுப்ப வேண்டும். முன்னால் என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று அவர்களே கேட்க வேண்டும். ஸ்பிரேயை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று எவனாவது சொன்னால், அவன் ஏமாற்றுக்காரன். உடனே வெளியே வந்துவிடுங்கள்.

உங்கள் தங்கை கணவன்


மார்ச் 9

டேய் கண்ணாடிக்காரா,

மாப்பிள்ளை என்று எழுத வேண்டிய இடம் இது. எழுத வரவில்லை.

கடைசி வரி வரைக்கும் படித்தேன். என் தங்கை கையில் உன் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. என் கண்ணால் பார்த்தேன். "இது என்னடா?"ன்னு கேட்டேன். நீ திருடன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். தப்புச் செய்யாதவன் வாயில் என்ன கொழுக்கட்டையா?

நான் குத்தியது ஒரே குத்து. நீ போய் உன் கடை ஸ்டாண்டில் சாய்ந்ததும், அங்கே நிறுத்தியிருந்த கண்ணாடி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்ததும் என் குற்றமா? உன் பல் ஒன்று கண்ணாடி ஒட்டுகிற பட்டி டப்பாவுக்குள் விழுந்து கிடந்ததாமே. கேட்டுக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். போலீஸ் வராவிட்டால் மீதியையும் அதே டப்பாவில் போட்டிருப்பேன்.

ஆனால் எனக்குத் தூக்கம் வராதது அதனால் இல்லை. அவள் அங்கேதான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் வந்து கண்ணாடி நொறுங்குகிறது, காலைக்கூட மேலே தூக்கவில்லை. உன் வாயிலிருந்து ரத்தம் கொட்டுகிறது, நான் கத்துகிறேன், அவள் ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளா என் தங்கை? சின்ன வயதில் அவளுக்கு மிளகாய் என்று பேர் வைத்ததே நான்தான். ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் கையில் இருப்பது மண்டைக்கு வரும். உன் கடை வேனை அவள் ஓட்டிய ஓட்டத்தில் லாரிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அந்த மிளகாயை இப்படிச் சக்கையாக ஆக்கி வைத்திருக்கிறாய். இப்போது மூக்கில் மருந்து அடிக்கிறானாம் மருந்து! அவளுக்கு என்ன சளியா பிடித்திருக்கிறது?

அவளைப் பஸ் ஏற்றி இங்கே அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கூட வந்தால் தாடையின் அந்தப் பக்கமும் கம்பி போட வேண்டி வரும்.

அண்ணன்

வேலைக்குப் போகிற வழி என்பதால் உன் விலாசங்களில் முதல் இடத்தை எட்டிப் பார்த்தேன். உனக்காக இல்லை. அது பல் ஆஸ்பத்திரி. மனநலம் என்று ஒரு போர்டும் சேர்த்து மாட்டியிருக்கிறான். ஸ்பிரே என்றதும், "மூக்கடைப்புக்கா? பக்கத்து மெடிக்கல்ல கேளுங்க சார்" என்றான். அந்த விலாசத்தை அடித்துவிடு.


மார்ச் 13

காட்டுமிராண்டிக்கு,

வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று பார்ப்போம்.

நீங்கள் வருவதற்கு நான்கு நாள் முன்னால் நடந்தது இது. மத்தியானம். ஒரு குளியலறைக் கண்ணாடியை வெட்டிக்கொண்டிருந்தேன், வாங்க வந்தவர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போன உங்கள் தங்கை இன்னும் இறங்கவில்லையே என்று திடீரென்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. பாதி வெட்டிய கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். துணி கொடியிலேயே இருந்தது. அவள் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. பிடித்தேன், இழுத்தேன். அந்த ஐந்து விரல் என்னுடையதுதான். இன்னொரு முறை அப்படி ஆனாலும் அப்படித்தான் பிடிப்பேன். அவள் எலும்பு முறிந்தாலும் விட மாட்டேன்.

தரையில் இருவரும் விழுந்து கிடந்தபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. அவன் தாங்க மாட்டான்." சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் திருடன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாங்க மாட்டீர்கள் என்று உங்களுக்காகக் கவலைப்பட்டவளின் புருஷன் பல்லைத்தான் நீங்கள் பட்டி டப்பாவில் போட்டீர்கள்.

இப்போது வாக்கை உடைத்துவிட்டேன். உடைப்பது உங்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். வாக்குப் போனால் போகட்டும், ஆள் இருந்தால் போதும்.

மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன், சாவி என் இடுப்பில். டாக்டரிடமும் அன்றே சொல்லிவிட்டேன். அவர்தான் தாமதிக்காமல் ஸ்பிரே கிளினிக் தேடச் சொன்னார். நீங்கள் தேடுகிறீர்களா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். திட்டுவதற்குத் தபால் தலையை வீணாக்காதீர்கள்.


மார்ச் 21

மாப்பிள்ளை,

கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன். வலது கைக்கு மாவுக்கட்டு.

உங்கள் கடிதத்தைக் கட்டடம் இடிக்கிற வேலை இடத்தில், சாப்பாட்டு நேரத்தில், செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து பிரித்தேன். படித்தேன். சாப்பிடவில்லை. எழுந்து சம்மட்டியை எடுத்து, எதிரில் இருந்த சுவரில் போட ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் போட்டேன் என்று தெரியாது. "அண்ணே, அண்ணே"ன்னு பசங்க கத்தியது காதில் விழவில்லை. சுவர் விழுந்தது. அந்தப் பக்கம் ஒரு மனிதர் தலை நிறைய சோப்பு நுரையோடு நிற்கிறார். நாங்கள் இடிக்க வேண்டிய சுவர் பின்னால் இருந்தது. நான் இடித்தது பக்கத்து வீட்டுக் குளியலறை. இத்தனை வருடத்தில் ஒரு செங்கல்கூடத் தப்பாகத் தட்டாதவன் நான். காண்டிராக்டர் வீட்டுக்குப் போ என்றார்.

வீட்டுக்குப் போகவில்லை. உங்கள் விலாசங்களில் இரண்டாவது இடத்துக்குப் போனேன். நல்ல ஏ.சி., செயற்கைப் பூ, சுவரில் எல்லாரும் சிரிக்கிற படம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் வந்தான். முன்னால் என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. அவளை அழைத்து வரச் சொல்லவும் இல்லை. "நீங்களே வாங்கிட்டுப் போங்க சார். காலைல ரெண்டு அடி, சாயங்காலம் ரெண்டு அடி. வீட்டுலயே பண்ணிக்கலாம்" என்று ஒரு குப்பியை என் கையில் திணித்தான். "டாக்டர் எங்க?" என்றேன். "எல்லாம் நான்தான்" என்றான்.

உடனே வெளியே வரச் சொல்லியிருந்தீர்கள். வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குப்பியோடு அவள் ஒரு அறையில் தனியாக, தலை கிறுகிறுத்து, மாடிப்படி பக்கத்தில் நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் கோட்டைப் பிடித்துத் தூக்கி மேசை மேல் போட்டேன். சிரிக்கிற படங்களை எல்லாம் பிய்த்தேன். முகத்தில் ஒன்று விட்டேன், பாவி குனிந்துவிட்டான். குத்து அலங்காரப் பலகையில் விழுந்தது, பலகைக்குப் பின்னால் கான்கிரீட் தூண். பலகை இருந்தால் பின்னால் தூண் இருக்கும் என்பது எங்கள் வேலைக்கு வரும் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். கோபம் வந்தால் எனக்கு மட்டும் தெரியாது.

ஸ்டேஷனில் படுத்துவிட்டு இன்றுதான் வெளியே வந்தேன். அவன் லைசென்ஸ் பற்றியும் விசாரிக்கிறார்கள். என் மேல் கேஸ் இருக்கிறது.

பழைய கட்டடத்துக்குள் போனதும் நாங்கள் முதலில் பார்ப்பது, எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்றுதான். அதை மட்டும் தொட மாட்டோம். தொட்டால் கூரை எங்கள் தலையில்தான் விழும். உங்கள் கடைக்கு வந்த அன்று நான் அதைப் பார்க்கவே இல்லை, மாப்பிள்ளை.

அந்த ஐந்து விரலை நினைத்து நினைத்து அழுகிறேன். இதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.


மார்ச் 26

மச்சான்,

"நீங்கள்" என்று எழுதியிருந்ததைப் பார்த்து முதலில் பயந்தே போனேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பிறகு ஆத்திரம் வந்தது. கேட்டது என்ன, நீங்கள் செய்தது என்ன? கிளினிக் தேடச் சொன்னால் கிளினிக்கை இடித்துவிட்டு வருகிறீர்கள். இந்தச் செய்தி மற்ற இடங்களுக்குப் போகாதா? "அந்த முரடனோட தங்கச்சியா, வேண்டாம்"னு ஒரு டாக்டர் சொல்லிவிட்டால் நான் அவளை எங்கே கொண்டுபோவேன்? உங்கள் கோபத்துக்கு உங்கள் கை உடைந்தது, என் தாடை உடைந்தது. அடுத்த முறை உடைவது அவளாக இருக்கும். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் சாப்பிடுவது நின்றுவிட்டது. எனக்கோ சாப்பிட வாய் இல்லை. ஒரே மிக்சியில் பாலும் பழமும் அடித்து, இரண்டு டம்ளரில் ஊற்றி, இரண்டு ஸ்ட்ரா போட்டு எதிரெதிரே உட்காருகிறோம். பார்ப்பவர்களுக்குப் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருக்கும். நான் உறிஞ்சுகிறேன். அவள் ஸ்ட்ராவைப் பார்க்கிறாள். என் வாயில் ஏன் கம்பி என்று இதுவரைக்கும் அவள் கேட்கவில்லை. கண் என் மேல்தான் இருக்கும், ஆனால் எதுவும் உள்ளே போகாது.

முந்தாநாள் எனக்கும் பொறுக்கவில்லை. "ஒரு வாய் குடிடீ" என்று கத்த வேண்டும் போல இருந்தது. கம்பி போட்ட வாயில் என்ன கத்துவது? கடையில் நின்ற ஆளுயரக் கண்ணாடியைச் சுத்தியலால் அடித்தேன். பட்டறையில் வேலை செய்பவன் பயந்து வெளியே ஓடினான். கூட்டிப் பெருக்கும்போது ஒரு துண்டு காலில் ஏறியது. அவள் மேல் வந்த ஆத்திரம்தான் அது. நோய்க்காரி மேல் ஆத்திரப்படுகிறவன் மனுஷனா என்று நீங்கள் கேட்கலாம். நானும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைசி விலாசம் ஒன்று பாக்கி. டயர் கடைக்கு மேல் மாடி. அங்கே வாயை மூடிக்கொண்டு போங்கள். என் வாயை மூடக் கம்பி இருக்கிறது. உங்கள் வாயை எதை வைத்துக் கட்டுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.


ஏப்ரல் 2

மாப்பிள்ளை,

போனேன். வாயை மூடிக்கொண்டுதான் போனேன். மூடியபடியே வந்தேன் என்று சொல்ல முடியாது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இது சரியான இடம். கீழே டயர் கடைக்காரன் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கிறான், மேலே போனால் அந்தச் சத்தம் ஒரு துளி வரவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தேன், நல்ல வேலை. சாய்ந்து படுக்கிற நாற்காலிகள், நடுவில் திரை. ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின். அலமாரிக்கு இரட்டைப் பூட்டு. மருந்தை நோயாளியே மூக்கில் அடித்துக்கொள்ள வேண்டும், நர்ஸ் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். டாக்டர் அம்மா உள்ளேயே இருக்கிறார். இதுவரை என்ன மாத்திரை, எவ்வளவு நாள், என்ன அளவு என்று கேள்வி மேல் கேள்வி. பழைய டாக்டரின் சீட்டு எல்லாம் வேண்டுமாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நிச்சயம் சரியாயிடுமா?" என்று கேட்டேன். "சிலருக்கு நல்லா கேக்குது, சிலருக்குக் கேக்கறதில்லை. பொய் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர் அம்மா. அந்த இடத்தில்தான் என் சத்தம் கொஞ்சம் ஏறிவிட்டது.

அங்கே ஒரு பெரிய நர்ஸ் இருக்கிறார். பெரியது பதவிதான், என் தோள் உயரம்கூட வர மாட்டார். திரையை விலக்கிக்கொண்டு வந்து, "சத்தம் போட்டா வெளிய. உள்ள மருந்து எடுத்துட்டுப் படுத்திருக்காங்க. அவங்களுக்கு இப்ப உடம்பு எங்க, தான் எங்கன்னே தெரியாது. உங்க குரல் அவங்களுக்கு இடி மாதிரி விழும்" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அதோடு விடவில்லை. என் இடது கையைப் பிடித்து மெஷினைக் கட்டினார். எண்ணைப் பார்த்துவிட்டு, "மருந்து உங்க தங்கச்சிக்கா உங்களுக்கா? முதல்ல நீங்க ஒரு டாக்டரைப் பாருங்க" என்றார்.

இப்போது கெட்டது. மருந்து எடுத்த அன்று அவள் தனியாகப் போகக் கூடாது. வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து இருந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும். ஆள் இல்லை என்றால் மருந்து இல்லை. நான் வருகிறேன் என்றேன். பெரிய நர்ஸ் என் மாவுக்கட்டைப் பார்த்தார். "நீங்கதானே அந்த ஏ.சி. கிளினிக்கை உடைச்சது? ஊருக்கே தெரியும். உங்க கையில ஒரு நோயாளியை நான் ஒப்படைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன், மாப்பிள்ளை. அவர் அசையவில்லை. "அவங்க வீட்டுக்காரர் இல்லையா? அவரை வரச் சொல்லுங்க" என்றார்.

அவரை நான் வர முடியாதபடி செய்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

வாருங்கள். என் வீட்டில் தங்குங்கள். நான் தனி ஆள்தானே, வேலை இடத்தில் படுத்துக்கொள்கிறேன். உங்கள் கண்ணில் படவே மாட்டேன்.


ஏப்ரல் 6

மச்சான்,

உங்கள் வீட்டுக்கு வர எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வாசலில் உங்கள் உயரத்தில் யாராவது வந்து நின்றாலே என் கை தானாக வாயைப் பொத்துகிறது. போன வாரம் கதவு அளவு கொடுக்க ஒரு தச்சர் வந்தார். பாவம், அவர் என்ன செய்தார்? நான் மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீங்கள் அழுததாக எழுதியதை என் தலை நம்புகிறது, தாடை நம்ப மாட்டேன் என்கிறது.

ஆனாலும் வருகிறோம். அவளிடம் கேட்டேன், தாளில் எழுதிக் காட்டித்தான். "அண்ணன் ஊரில் ஒரு மருந்து இருக்கிறது. போகலாமா?" ரொம்ப நேரம் அந்தத் தாளைப் பார்த்தாள். "உங்களுக்குக் களைப்பா இல்லையா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. அந்தக் கேள்விக்காக நான் சிங்கத்தின் குகைக்குள்ளும் போவேன், உங்கள் வீட்டுக்கு வர மாட்டேனா?

இன்ஸ்பெக்டரைப் பார்த்து, ஸ்டேஷனில் நாம் கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "இந்த முறை ஆம்புலன்ஸைக் கூடவே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

சில நிபந்தனைகள். வீட்டில் சம்மட்டி, கடப்பாரை எதுவும் இருக்கக் கூடாது. மொட்டை மாடிக்குப் போகும் கதவுக்குப் பூட்டு, அதன் சாவி என்னிடம். என் பின்னால் வந்து நிற்காதீர்கள். வேலை இடத்தில் படுக்க வேண்டாம், அதே வீட்டில் படுங்கள். அவள் மருந்து எடுத்துவிட்டு வந்து கண் விழிக்கும்போது ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம், டாக்டரைப் போய்ப் பாருங்கள். உங்கள் ரத்த அழுத்தம் இந்த வீட்டில் எல்லாரையும் கொன்றுவிடும்.

வியாழக்கிழமை பஸ். நிறுத்தத்துக்கு வர வேண்டாம். வீட்டு வாசலில் நில்லுங்கள், கையைக் கட்டிக்கொண்டு.


மே 6

மாப்பிள்ளை,

போன் செய்யலாம்தான், இப்போது யார் தடுக்கிறார்கள்? இதைப் போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இப்போது வலது கையால்தான்.

நீங்கள் கம்பி பிரிக்க ஊருக்குப் போன பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பெரிய நர்ஸ் என்னை ஏற்றுக்கொண்டார். நீங்கள் இருந்த வாரங்களில் நான் அந்த வராண்டா பெஞ்சில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாராம். மெஷினில் என் எண்ணும் இறங்கிவிட்டது. "இன்னிக்கு நீங்களே கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவைக் கொடுத்தார். அந்தப் பேனா என் கையில் சம்மட்டியை விடக் கனத்தது.

முதல் நாள் அவளோடு நான் மட்டும் தனியாக இருந்தேன். மருந்து ஏறியதும், "அண்ணா, என் கால் எங்க போச்சு? பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள். நர்ஸ் சொன்னபடி, "இங்கதான் இருக்கு, நான் பார்த்துட்டிருக்கேன்" என்றேன். பிறகு குமட்டினாள், தூங்கினாள். வீட்டுக்கு வந்து மறுபடி சுவரைப் பார்த்தாள். அடுத்த முறையும் அப்படித்தான், அதற்கடுத்த முறையும் அப்படித்தான். நம்பிக்கை விட்டுப்போனது எனக்கு. டயர் கடை வாசலில் நின்று, எவன் மேலாவது விழுந்து அடிக்கலாமா என்று பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அடிக்கவில்லை.

இன்று காலை. சமையலறையில் உட்கார்ந்திருந்தாள், முன்னால் டம்ளரில் தண்ணீர். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கேட்டாள்: "அண்ணா, அவர் வாயில ஏன் கம்பி போட்டிருந்தாங்க?"

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். இத்தனை மாதம் கழித்துக் கேட்கிறாள். பொய் சொல்லலாம், கடையில் தடுக்கி விழுந்தார் என்று சொல்லலாம். முடியவில்லை. "நான்தான் அடிச்சு உடைச்சேன்" என்றேன்.

"எதுக்கு?"

"உன் கையில விரல் பதிஞ்சிருந்துச்சு. அவர் உன்னை அடிச்சார்னு நெனச்சேன்."

என்னையே பார்த்தாள். முகத்தில் ஏதோ ஏறிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் பார்த்த முகம். எனக்கு அது தெரியும், குனிந்திருக்கலாம். குனியவில்லை. டம்ளர் தண்ணீரோடு பறந்து வந்து புருவத்தில் இறங்கியது. "அவரையாடா அடிச்ச? அறிவு கெட்டவனே! அவரையாடா?" என்று அந்தத் தெருவே கேட்கும்படி கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே துணியை எடுத்து என் புருவத்தில் வைத்து அழுத்தினாள். வலிக்கிற மாதிரியே அழுத்தினாள். பிறகு இரண்டு ரொட்டி சாப்பிட்டாள், மாப்பிள்ளை. கோபமாகச் சாப்பிட்டாள்.

நான்கு தையல். மத்தியானம் கிளினிக்குக்குப் போனபோது பெரிய நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மறுபடியும் எங்க சண்டை?" என்றார். "இல்லம்மா. உங்க மருந்து வேலை செய்யுது" என்றேன். டாக்டர் அம்மா மட்டும், "ஒரு நாளை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. நாளைக்கு மறுபடி சுவரைப் பார்க்கலாம், பயப்படாதீங்க, நிறுத்தாதீங்க" என்றார். சரி. நாளை சுவரைப் பார்க்கட்டும். இன்று என் மண்டையைப் பார்த்துக் குறி வைத்தாள். எத்தனை வருடம் கழித்தும் குறி தப்பவில்லை.


மே 10

மச்சான்,

கம்பியைப் பிரித்துவிட்டார்கள். வாய் பாதிதான் திறக்கிறது. உங்கள் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன், பல் போன சந்தில் காற்று போகப் போகப் படித்தேன். "அவரையாடா அடிச்ச" என்ற இடத்தை மட்டும் நாலைந்து முறை. வேலை செய்பவன் மறுபடி பயந்து வெளியே போய்விட்டான். சிரித்தேன். தாடை உயிர் போகிற மாதிரி வலித்தது, பரவாயில்லை.

பொறாமையாகவும் இருக்கிறது. தையல் எனக்கல்லவா விழுந்திருக்க வேண்டும்? உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னவன் நான்தானே. அது அவளுக்குத் தெரிந்தால் சும்மா விடுவாளா? நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நானே அவள் முன்னால் வந்து உட்கார்ந்து சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். இந்த முறை நிறுத்தத்துக்கே வாருங்கள், பின்னால் நின்றாலும் பரவாயில்லை.

டம்ளரை மட்டும் எங்கேயும் ஒளித்து வைக்காதீர்கள்.